அட்டையின் முதுகையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய அமெரிக்கப் பட அஞ்சலட்டை ஒன்றை வெளியிடும்போது பத்திரிகைகள் பெரும்பாலும் முகப்பை மட்டும் போட்டு, ‘நூறாண்டுக்கு முந்தைய அமெரிக்க நகரம்’ என்று கீழே ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எந்த ஆண்டு, யார் அச்சிட்டது, அசல் புகைப்படமா அச்சுப் படமா என்ற விவரம் எதுவும் இருப்பதில்லை. அதெல்லாம் அட்டையின் பின்புறத்தில்தான் கிடக்கிறது. முன்புறத்தை மட்டும் போடுவது, பட்டாவை ஒளித்து வைத்துவிட்டு நிலத்தைக் காட்டுவது மாதிரி. இந்த அட்டைகளை வைத்து ஊர் வரலாறு எழுதுகிறவர்களுக்கும், அமெரிக்காவில் குடியிருந்துகொண்டு தாங்கள் வாழும் ஊரின் பழைய அட்டைகளைத் தேடி வாங்கும் நம்மவர்களுக்கும் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பட அஞ்சலட்டை என்றதும் சுற்றுலா போனவர் அனுப்பும் வாழ்த்துதான் இன்று நினைவுக்கு வரும். 1905-க்கும் 1915-க்கும் இடையே அமெரிக்காவில் அது அன்றாடச் செய்திப் போக்குவரத்து. தொலைபேசி எல்லா வீட்டிலும் இல்லை. கடிதத்துக்கு 2 சென்ட், அட்டைக்கு 1 சென்ட். கிராமப்புற இலவச அஞ்சல் விநியோகம் 1896-இல் சோதனையாகத் தொடங்கி 1902-இல் நிரந்தரமாகிவிட்டதால் தபால்காரர் பண்ணை வாசலுக்கே வந்தார். 1908 ஜூனில் முடிந்த ஒரே நிதியாண்டில் 67 கோடியே 77 லட்சத்துக்கு மேல் அட்டைகள் அஞ்சலில் போயின. நாட்டின் மக்கள்தொகை அப்போது 9 கோடியைத் தொடவில்லை. ஊருக்கு ஊர் மருந்துக்கடைக்காரரும் எழுதுபொருள் கடைக்காரரும் தங்கள் ஊர்க் கடைத்தெரு, ரயில் நிலையம், பள்ளிக்கூடம், நீதிமன்றம் என்று அட்டை போட்டு விற்றார்கள். பெருநகரத்துப் பத்திரிகைப் புகைப்படக்காரர் எட்டிப் பார்க்காத ஊருக்கும் படம் கிடைத்தது இதனால்தான்.

இனி பின்புறம். முதலில் நடுவே செங்குத்துக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். 1907 மார்ச் 1 வரை அமெரிக்க அட்டையின் பின்புறம் முழுவதும் முகவரிக்கே. சேதி எழுத அங்கே அனுமதி கிடையாது. அதனால்தான் அந்தக் காலத்து அட்டைகளில் படத்தின் ஓரத்து வெள்ளையிலும், சில நேரம் வானத்தின் மேலேயும் பொடி எழுத்தில் நலம் விசாரித்திருப்பார்கள். கோடில்லாத பின்புறத்திலும் இரண்டு தலைமுறை உண்டு. ‘பிரைவேட் மெயிலிங் கார்டு’ என்றும், 1898 மே 19 சட்டப்படி அனுமதிக்கப்பட்டது என்றும் அச்சிட்டிருந்தால் அது 1898 ஜூலைக்கும் 1901 டிசம்பருக்கும் இடைப்பட்டது. 1901 டிசம்பர் 24-ஆம் தேதி உத்தரவுக்குப் பிறகுதான் தனியார் அட்டைகள் ‘போஸ்ட் கார்டு’ என்ற சொல்லைப் போட்டுக்கொள்ள முடிந்தது. நடுக்கோடு இருந்தால் 1907-க்குப் பிந்தையது என்று கொள்ளலாம். மறுபக்கம் அவ்வளவு உறுதியில்லை: கடைக்காரர் கையிருப்பை வீணாக்க மாட்டார், கோடில்லாத அட்டை 1909-இல் தபாலில் போயிருப்பதும் சகஜம்.

அடுத்து, எங்கே அச்சானது என்ற பொடி வரி. நல்ல வண்ண லித்தோ (கல்லச்சு) அட்டைகளில் பெரும்பகுதி ஜெர்மனியில் அச்சாகிக் கப்பலில் வந்தவை. 1909-இல் இறக்குமதி வரி ஏறியது, 1914-இல் போர் வந்து வரத்தே நின்றது. ஆகவே ‘ஜெர்மனியில் அச்சிடப்பட்டது’ என்ற வரி இருந்தால் அட்டை பெரும்பாலும் 1914-க்கு முந்தையது. அதன் பிறகு உள்நாட்டு அச்சு. படத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு விட்ட அட்டைகள் ஏறத்தாழ 1915 முதல் 1930 வரை. மை மிச்சம் பிடிக்க விளிம்பு விட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். 1930-களில் ‘லினன்’ அட்டை வந்தது. பெயர்தான் லினன், துணி அல்ல, நெசவுபோல் சொரசொரப்பு பதித்த காகிதம். விரலால் தடவினாலே தெரிந்துவிடும். வண்ணப் புகைப்படத்திலிருந்து நேரே அச்சாகும் வழவழப்பு அட்டையை 1939-இல் யூனியன் ஆயில் நிறுவனம் தன் பெட்ரோல் நிலையங்கள் மூலம் பரப்பியது. போர் முடிந்ததும் அதுவே நிலைத்துவிட்டது.

தபால் கட்டணமும் நல்ல சாட்சி. அட்டைக்கு 1 சென்ட் என்பது வெகுகாலம் மாறவில்லை. 1917 நவம்பர் முதல் 1919 ஜூன் வரை போருக்காக 2 சென்ட் ஆனது, பிறகு மறுபடி 1. 1925 முதல் 1928 வரை தனியார் அட்டைகளுக்கு மீண்டும் 2. 1952-இல் நிலையாக 2 சென்ட், 1958-இல் 3, 1963-இல் 4. தேதி அழிந்துபோன அட்டையில் 2 சென்ட் அஞ்சல்தலை ஒட்டியிருந்தால் இந்த இடைவெளிகளை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். பச்சை 1 சென்ட் தலையில் 1908 முதல் 1912 வரை பெஞ்சமின் பிராங்க்ளின் முகம், 1912 முதல் பத்தாண்டுக்கு மேல் வாஷிங்டன் முகம். வெளியீட்டாளர் முகவரியில் ‘சிகாகோ 13’ என்பதுபோல் ஊர்ப் பெயருக்குப் பின் ஒன்றிரண்டு இலக்கம் வந்தால் 1943-க்குப் பிறகு. ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு வந்தால் 1963-க்குப் பிறகு.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தபால் முத்திரையில் உள்ள தேதி, அட்டை அனுப்பிய தேதி. படம் எடுத்த தேதி அல்ல. 1904-இல் எடுத்த படத்தை 1908-இல் அச்சிட்டு, 1913-இல் ஒருவர் வாங்கி அனுப்பியிருக்கலாம். படம், அச்சு, அஞ்சல் ஆகிய மூன்று தேதிகளையும் தனித்தனியாகத்தான் கணக்கிட வேண்டும். முத்திரை நமக்குத் தருவது ஒரே ஒரு உறுதி: படம் அதற்குப் பிந்தையது அல்ல.

டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரத்தை எடுத்துக்கொள்வோம். 1900 செப்டம்பர் 8-ஆம் தேதிப் புயலில் அந்தத் தீவு நகரம் அழிந்தது. இறந்தவர்கள் குறைந்தது 6,000 பேர். அமெரிக்க வரலாற்றில் இயற்கைப் பேரிடர் ஒன்றில் அத்தனை உயிர் போனது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஊரைக் கைவிடாமல் கடலை மறித்துச் சுவர் கட்டினார்கள். 1902-இல் தொடங்கி 1904 ஜூலையில் முடிந்த முதல் பகுதி 17,593 அடி நீளம், 17 அடி உயரம். கடல் பக்கம் உள்வளைந்த முகம். அலை வந்து மோதினால் மேலேறித் தன் மேலேயே திரும்பி விழும். சுவரோடு விடவில்லை, ஊரையே உயர்த்தினார்கள். நகரின் ஊடே கால்வாய் தோண்டி, தூர்வாரும் கப்பல்களை உள்ளே கொண்டுவந்து, மணலும் கடல்நீரும் கலந்த சேற்றைக் குழாய் வழியே தெருத்தெருவாகப் பாய்ச்சினார்கள். நீர் வடிந்ததும் மணல் நின்றது. அதற்கு முன்பே 2,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகு ஜாக்கி வைத்துத் தூக்கியிருந்தார்கள். செயின்ட் பேட்ரிக் தேவாலயம் 3,000 டன். 700 ஜாக்கிகளை ஒரே சீராகத் திருகி 5 அடி உயர்த்தினார்கள். வேலை 1911 வரை நடந்தது. அத்தனை ஆண்டும் மக்கள் தரைக்கு மேலே கட்டிய மரப்பாதைகளில் நடந்து போய்வந்தார்கள். உப்புச் சேற்றில் ஊர் மரங்களும் தோட்டங்களும் பட்டுப்போயின. பிறகு நல்ல மண் கொட்டி மறுபடி நட்டார்கள்.

இந்தக் கதை தெரிந்தவர் கையில் கால்வெஸ்டன் அட்டை கிடைத்தால் அது தானே பேசும். கடற்கரை அட்டையில் சுவர் இருக்கிறதா? 1904-க்குப் பிறகு. 1911 ஜூனில் திறந்த கால்வெஸ் விடுதி சுவரை நோக்கி நிற்கிறதா? இல்லையென்றால் அதற்கு முன்பு. அந்தப் பகுதி படத்துக்குள் வர வேண்டிய கோணம்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வேறு திசை பார்த்து எடுத்த படத்தில் விடுதி இல்லாதது எதையும் நிரூபிக்காது. தெருவில் தடித்த குழாய் ஓடுகிறதா, வீட்டு வாசல்கள் மரப்பாதையோடு இணைந்திருக்கின்றனவா? ஊரை உயர்த்திய ஆண்டுகள். தெருவோரம் இடுப்பளவு கன்றுகளாகவே இருக்கின்றனவா? உயர்த்தி முடித்துப் புதிதாக நட்ட காலமாக இருக்கலாம். நிலப்பகுதியோடு தீவை இணைக்கும் வளைவுகள் கொண்ட பாலம் தெரிந்தால் 1912-க்குப் பிறகு. பழைய மர மாளிகை ஒன்றின் முன்படிகள் வழக்கத்தைவிடக் குறைவாகத் தெரிந்தால் அது கட்டியவரின் விருப்பம் என்று எண்ணிவிடக்கூடாது; சில படிகள் மணலுக்கு அடியில் போயிருக்கலாம். இதை எதையும் சொல்லாமல் ‘அழகிய கடற்கரை நகரம்’ என்று மட்டும் எழுதினால், அந்த ஊர் மக்கள் எட்டு ஆண்டு பட்ட பாடு ஒரு வார்த்தையில் மறைந்துவிடுகிறது.

முகப்பை ஏன் நம்பக்கூடாது என்பதற்கும் காரணம் சொல்ல வேண்டும். அச்சு அட்டைகளில் பெரும்பாலானவற்றின் மூலம் கறுப்பு வெள்ளைப் புகைப்படம். வண்ணத்தை அச்சகத்தில் சேர்த்தார்கள், அதுவும் ஊரைக் கண்ணால் காணாதவர்கள். அதனால் ஒரே செங்கல் கட்டடம் ஓர் அட்டையில் சிவப்பாகவும் இன்னொன்றில் மஞ்சளாகவும் இருக்கும். தந்திக் கம்பங்களையும் கம்பிகளையும் அழித்தார்கள். வெறிச்சோடிய தெருவில் மோட்டார் கார்களை ஒட்டினார்கள். நீதிமன்றக் கூரையில் இல்லாத கொடியைப் பறக்கவிட்டார்கள். மண் தெருவைச் சாம்பல் நிறம் பூசித் தளம் போட்ட தெருவாக்கினார்கள். ஊர் வளர்ந்துவிட்டது என்று காட்ட வியாபாரிகளுக்கு ஆசை.

இரவுக் காட்சி அட்டைகள் இதில் உச்சம். பகலில் எடுத்த அதே படத்தை நீலத்தில் மூழ்கடித்து, சன்னல்களுக்கு மஞ்சள் பூசி, மேகத்துக்கு நடுவே ஒரு நிலாவை வைத்துவிடுவார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துத் தரையைப் பாருங்கள். நிலா இடப்பக்கம் இருக்கும், வண்டியின் நிழலும் இடப்பக்கமே விழுந்திருக்கும். அதே ஊரின் பகல் அட்டையைப் பக்கத்தில் வைத்தால் அதே வண்டி, அதே மனிதர், அதே தூக்கிய கால். இப்படிப்பட்ட அட்டையைச் சான்றாக வைத்து ‘அந்த ஊரில் அப்போதே தெருவிளக்கு எரிந்தது’ என்று எழுதினால் அடிப்படையே ஆட்டம் கண்டுவிடும்.

திருத்தம் எப்படி நடந்தது என்பதற்கு ஆதாரம் பத்திரமாக இருக்கிறது என்பது நம் அதிர்ஷ்டம். சிகாகோவில் 1898 முதல் 1978 வரை இயங்கிய கர்ட் டைக் என்ற அஞ்சலட்டை அச்சு நிறுவனம், வாடிக்கையாளர் அனுப்பிய மூலப் புகைப்படம், வண்ணக் குறிப்பு, கடிதம் எல்லாவற்றையும் வேலை வாரியாக உறையில் போட்டு வைத்திருந்தது. விடுதி அறையின் நிறம் சரியாக வரவேண்டும் என்று சுவர்க் காகிதத் துண்டும் கம்பள நறுக்கும் அனுப்பியவர்கள்கூட உண்டு. அந்த ஆவணங்கள் 2016 முதல் சிகாகோவின் நியூபெர்ரி நூலகத்தில் இருக்கின்றன. அந்நிறுவன அட்டையின் வரிசை எண்ணே ஆண்டைச் சொல்லும்: ஏ என்றால் 1930-கள், பி என்றால் 1940-கள், சி என்றால் 1950-கள், முன்னால் உள்ள இலக்கம் அந்தப் பத்தாண்டுக்குள் எத்தனையாவது ஆண்டு என்பது. 5ஏ-எச் என்று தொடங்கினால் 1935. 2பி-எச் என்றால் 1942. பெரிய எழுத்துகளுக்குள் ஊர்க் காட்சிகளை அடைத்த ‘கிரீட்டிங்ஸ் ஃப்ரம்’ வகை அட்டைகள் பலவற்றை இந்த முறையில் நொடியில் தேதியிட்டுவிடலாம். பாஸ்டன் பொது நூலகத்தில் டிக்னர் சகோதரர்கள் நிறுவனத்தின் லினன் அட்டைகள் ஏறத்தாழ 25,000 இருக்கின்றன. டெட்ராய்ட் பப்ளிஷிங் நிறுவனத்தின் கண்ணாடி நெகடிவ்கள் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில். இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். டெட்ராய்ட் நிறுவன அட்டை கையில் இருந்தால் நெகடிவைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் வையுங்கள். அச்சகம் எதை அழித்தது என்பது தெரிந்துவிடும்.

என்னைக் கேட்டால், ஊர் வரலாற்றுக்கு உயிர்நாடி அச்சு அட்டை அல்ல, நெகடிவிலிருந்து நேரே புகைப்படத் தாளில் எடுத்த ‘ரியல் போட்டோ’ அட்டைதான். 1903-இல் கோடாக் கொண்டுவந்த 3ஏ மடக்குக் கேமராவின் நெகடிவ் 3¼க்கு 5½ அங்குலம். அட்டை அளவும் கிட்டத்தட்ட அதுவே. பெரிதாக்கத் தேவையில்லை, அட்டைத் தாளின் மேல் நெகடிவை வைத்து ஒளி காட்டினால் படம் தயார். ஊர்ப் புகைப்படக்காரர் பத்துப் பிரதிகூடப் போட்டு விற்கலாம். ரயில் தடம் புரண்டதும், கடைத்தெரு எரிந்ததும், 1913 மார்ச்சில் ஒஹையோவின் டேட்டன் நகரம் வெள்ளத்தில் மூழ்கியதும் சுடச்சுட அட்டையானது இப்படித்தான். லென்ஸில் பார்த்தால் புள்ளிகள் தெரியாது, கறுப்பிலிருந்து வெளுப்புக்கு இழைவாகப் போகும். புள்ளி தெரிந்தால் அது அச்சு. கீழே வெள்ளை எழுத்தில் ஊர்ப் பெயர் எழுதியிருப்பார்கள்; நெகடிவின் மேல் கறுப்பு மையில் இடவலம் மாற்றி எழுதியது அது. அதனால் ஆங்கில ‘என்’, ‘எஸ்’ எழுத்துகள் அங்கங்கே திரும்பிக்கொண்டு நிற்கும். அதைப் பிழை என்று சொல்லி வெட்டிவிடாதீர்கள், அது அந்த ஊர்க்காரரின் கையெழுத்து.

தலை ஒட்டும் கட்டத்தைச் சுற்றி ‘ஏஸோ’ என்ற தாளின் பெயர் இருந்தால் மூலைகளைப் பாருங்கள். நான்கும் மேல்நோக்கிய முக்கோணம் என்றால் ஏறத்தாழ 1904 முதல் 1918. இரண்டு மேலும் இரண்டு கீழும் என்றால் 1918 முதல் 1930. சதுரம் என்றால் 1925-க்குப் பிறகு. இது தாளின் காலம் மட்டுமே. பழைய நெகடிவைப் புதுத் தாளில் போட்டிருக்கலாம். போலிப் பிரதிகளும் சந்தையில் புழங்குகின்றன. இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால் 1950-களுக்குப் பிந்தைய வெளுப்புச் சாயம் கலந்த தாள் பளிச்சென்று நீலமாக ஒளிரும், பழைய தாள் மங்கலாகவே கிடக்கும்.

இந்த ரியல் போட்டோ அட்டைகளில்தான் அந்த ஊர்கள் மறக்க விரும்பியதும் இருக்கிறது. மினசோட்டாவின் துலூத் நகரில் 1920 ஜூன் 15 இரவு, ஊருக்கு வந்த சர்க்கஸில் வேலை பார்த்த எலியாஸ் கிளேட்டன், எல்மர் ஜாக்சன், ஐசக் மெக்கீ ஆகிய மூன்று கறுப்பின இளைஞர்களைச் சிறையிலிருந்து இழுத்து வந்து கும்பல் தூக்கிலிட்டது. அந்தக் காட்சி அஞ்சலட்டையாக விற்றது. கொலையைத் தூண்டும் பொருளை அஞ்சலில் அனுப்ப 1908-லேயே தடை வந்திருந்தும் இத்தகைய அட்டைகள் நிற்கவில்லை. அந்த மூவருக்கும் துலூத்தில் நினைவகம் எழுந்தது 2003-இல். ஏரிக்கரை அழகு அட்டைகளை வரிசையாகப் போட்டு துலூத்தின் வரலாறு சொல்கிறவர்கள் இந்த மூன்று பெயர்களையும் சொல்லியாக வேண்டும். அதற்காக அந்தப் படத்தை மறுபடி அச்சிட வேண்டியதில்லை. பெயர்களை அச்சிட்டால் போதும், படத்தின் நோக்கமே அவர்களை இழிவுபடுத்துவதாக இருந்தது.

அட்டையில் உள்ள கட்டடம் எது என்று தெரியவில்லையா? சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களைப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு 50 அடி என்ற அளவில் தெருத்தெருவாக வரைந்தவை. இளஞ்சிவப்பு செங்கல், மஞ்சள் மரம், நீலம் கல்; எத்தனை மாடி, கீழே என்ன கடை என்பதுவரை இருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்ததால், 1905 வரைபடத்தில் காலி மனை, 1910-இல் மூன்று மாடிச் செங்கல் என்றால் படத்தின் கீழ்வரம்பு கிடைத்துவிட்டது. கடைப் பலகையில் படிக்க முடிகிற பெயரை அந்த ஊர் முகவரிக் கையேடுகளில் தேடினால் வரம்பு இன்னும் குறுகும். வரைபடங்களும் பழைய செய்தித்தாள்களும் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் கிடைக்கின்றன.

வெளியீட்டுக்காக ஸ்கேன் செய்கிறவர்களுக்கு: இரண்டு பக்கமும், 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), டிஃப் கோப்பாக. வழக்கமான 5½க்கு 3½ அங்குல அட்டை 3,300க்கு 2,100 புள்ளியாக வரும். பத்திரிகைக்கு அதுவே தாராளம். அச்சுப் புள்ளிகள் அலையலையாகத் தெரிகின்றன என்று மூலக் கோப்பிலேயே மழுங்கடித்துவிடாதீர்கள், பிரதி எடுத்து அதில் செய்யுங்கள். ஓரத்தை வெட்ட வேண்டாம். வரிசை எண் பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கிறது. ரியல் போட்டோவின் கருமைப் பகுதியில் வெள்ளிப் பளபளப்பு ஏறியிருந்தால் துடைக்கக் கூடாது, துடைத்தால் படமே போய்விடும். ஆல்பத்தில் ஒட்டிய அட்டையைப் பிய்த்தால் முத்திரையும் சேதியும் கறுப்புக் காகிதத்தோடு வந்துவிடும். பிவிசி உறையும் லேமினேஷனும் ஆகாது; பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறைதான் சரி. நம் ஊர் ஈரப்பதத்தில் ரியல் போட்டோவைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் ஜெலட்டின் பிடித்துக்கொள்ளும், இடையில் அட்டைச் சட்டம் வேண்டும். வெளியாகி 95 ஆண்டு கடந்த அட்டைகளுக்கு அமெரிக்காவில் காப்புரிமைத் தடையும் இல்லை.

எனவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த முறை இப்படி ஓர் அட்டை உங்கள் பக்கத்தில் வரும்போது பின்புறத்தையும் சிறிதாகவாவது போடுங்கள். அனுப்பியவர், பெற்றவர் பெயரும் வீட்டு முகவரியும் தேவைப்பட்டால் மறைத்துக்கொள்ளலாம். கீழே நான்கு வரி போதும். மாதிரிக்கு: ‘கால்வெஸ்டன், டெக்சாஸ்: கடற்சுவரும் அதன் மேல் சாலையும். வண்ண லித்தோ, ஜெர்மனியில் அச்சானது; வண்ணம் அச்சகத்தில் சேர்த்தது. பின்புறம் நடுக்கோடு உண்டு, 1 சென்ட் தலை, முத்திரை 1910. சுவர் இருப்பதால் படம் 1904-க்குப் பிறகு, முத்திரைப்படி 1910-க்குள். அச்சு 1907-க்கும் 1910-க்கும் இடையே.’

இப்படிக்கு,
பழைய அஞ்சலட்டைகள் சேகரிக்கும் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.